எந்தப் பாகம் போனது? பழைய சாதனத்தைச் சரிசெய்வதா, மாற்றுவதா

வீட்டில் டிவியோ ஃபிரிட்ஜோ நின்றுபோனதும் எழும் முதல் கேள்வி, "இதை வாங்கி எத்தனை வருஷமாச்சு?" என்பதுதான். 10 வருடம் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்று மாலையே கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். திருச்சியில் ஒரு சின்னப் பழுதுபார்க்கும் கடையில் 14 வருடம் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருந்தவன் நான். சரிசெய்திருக்க வேண்டிய பொருளைப் பழைய இரும்புக்குப் போட்டவர்களையும் பார்த்தேன், போட்டிருக்க வேண்டிய பொருளுக்கு மூன்று தடவை தண்டம் அழுதவர்களையும் பார்த்தேன். இரண்டு பேருக்கும் பிசகியது ஒரே இடத்தில்தான். என்ன போயிருக்கிறது என்று பெயர் தெரியாமலே முடிவெடுத்துவிட்டார்கள்.

எந்தச் சாதனத்திலும் இரண்டு வகைப் பாகங்கள் உண்டு. தேய்வதற்கென்றே வைத்த பாகங்கள் ஒரு வகை. மிக்சியின் கப்ளர் (மோட்டாரின் சுழற்சியை ஜாருக்குக் கொடுக்கும் பல்சக்கரம்), கார்பன் பிரஷ் (சுழலும் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு), ஃபேன் கண்டன்சர், வாஷிங் மெஷின் பெல்ட், ஃபிரிட்ஜ் கதவு ரப்பர், போர்டில் இருக்கும் ஃபியூஸ் எல்லாம் இந்தக் கணக்கு. சைக்கிளுக்கு டயர் பஞ்சராவது மாதிரி, ஒட்டிவிட்டு ஓட்ட வேண்டியதுதான். இன்னொரு வகை, சாதனத்தின் விலையில் பெரும்பங்கைத் தானே வைத்திருக்கும் பாகம். டிவிக்குப் பேனல் எனப்படும் திரை, ஃபிரிட்ஜுக்குக் கம்ப்ரசரும் உள்ளே ஓடும் குழாயும், கீசருக்குத் தண்ணீர்த் தொட்டி. இவை போனால்தான் புதுசு வாங்கும் பேச்சை எடுக்க வேண்டும். 12 வருட மிக்சியில் கப்ளர் போயிருக்கலாம், 2 வருட டிவியில் பேனல் போயிருக்கலாம். வயதை மட்டும் பார்த்தால் இரண்டிலும் தப்பான முடிவுக்குத்தான் வருவீர்கள்.

புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர்களையும், பெற்றோர் வீட்டுச் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு திடீரென்று வந்தவர்களையும் மனதில் வைத்து, நான் கடையில் எந்த வரிசையில் பார்ப்பேனோ அதே வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் அரை மணி நேரம், ஸ்க்ரூடிரைவர் இல்லாமல்

அதே பிளக் பாயின்ட்டில் வேறு ஒரு பொருளை மாட்டிப் பாருங்கள். அது ஓடவில்லையென்றால் பழுது சுவரில். ஸ்டெபிலைசர் வழியாக ஓடும் சாதனமென்றால், வோல்டேஜ் சரியாக இருக்கும் நேரத்தில் ஒரு தடவை நேராக மாட்டிப் பாருங்கள். ஃபிரிட்ஜ் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களில் பலருக்குப் போயிருந்தது ஸ்டெபிலைசர்.

டிவி ரிமோட்டைச் சந்தேகித்தால் அதன் முனையை மொபைல் கேமராவுக்கு நேரே பிடித்துப் பட்டனை அழுத்துங்கள். ரிமோட் நன்றாக இருந்தால் திரையில் ஊதா கலந்த வெள்ளை வெளிச்சம் மினுக்கும். பின் கேமராவில் தெரியாவிட்டால் முன் கேமராவில் பாருங்கள், பல மொபைல்களில் அதில்தான் தெரியும்.

மிக்சி அரைத்துக்கொண்டிருக்கும்போதே பட்டென்று நின்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சின்னதாக ஒரு பட்டன் இருக்கும், பெரும்பாலும் சிவப்பு. மோட்டார் திணறினால் அதைக் காப்பாற்ற அந்தப் பட்டன் தானாக வெளியே வந்துவிடும். கால் மணி நேரம் ஆறவிட்டு உள்ளே அழுத்தினால் பல மிக்சிகள் அப்படியே ஓடும். வாஷிங் மெஷினில் தண்ணீர் ஏறவில்லையென்றால், பின்னால் குழாய் மாட்டும் இடத்தில் உள்ள சின்ன வலையைக் கழற்றிப் பாருங்கள். போர் தண்ணீர் வரும் வீடுகளில் அது மண்ணாலும் உப்பாலும் அடைத்திருக்கும்.

அப்புறம் வாரண்டி அட்டையைத் தேடுங்கள். முழுச் சாதனத்துக்கு 1 வருடம் என்று போட்டிருந்தாலும் ஃபிரிட்ஜ் கம்ப்ரசருக்கும் வாஷிங் மெஷின் மோட்டாருக்கும் 10 வருடம் வரை தனியாகக் கொடுத்திருப்பார்கள். அது மறந்துபோய் வெளியே காசு கொடுத்தவர்கள் ஏராளம். அட்டையில் கையெழுத்தும் முத்திரையும் இல்லாவிட்டாலும் பில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

போன பாகத்துக்குப் பெயர் வையுங்கள்

ஒரு நாள் வயதான அம்மா ஒருவர் மஞ்சள் பையில் மிக்சியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, மோட்டார் எரிஞ்சுபோச்சாம். புதுசு வாங்கிக்கச் சொல்றான் பேரன். இது என் பொண்ணு கல்யாணத்துக்கு வாங்கினது." சுவிட்சைப் போட்டேன். மோட்டார் நன்றாக உறுமியது, ஜாரில் பிளேடு மட்டும் அசையவில்லை. ஜாரைத் தூக்கிக் காட்டினேன். மோட்டாரின் தலையில் உட்கார்ந்திருக்கும் கறுப்புக் கப்ளரின் பற்கள் முழுக்க மழுங்கி, கூழாங்கல் மாதிரி வழவழப்பாக இருந்தன. சுற்றிலும் கறுப்புத் தூள். கப்ளரை ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ செய்வதற்குக் காரணமே இதுதான். ஜார் சிக்கிக்கொண்டால் மோட்டாருக்குப் பதில் இது தேய வேண்டும். அந்தக் கப்ளரின் விலை 100 ரூபாய்க்குள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடியில் மோட்டார் தண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, மிக்சி எந்தத் திசையில் சுற்றுமோ அதே திசையில் திருப்பினால்தான் கப்ளர் கழலும். எதிர்த்திசையில் திருகினால் இன்னும் இறுகும். அந்தத் திசை தெரியாமல் உடைத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

மிக்சிக்குள் அளவுக்கு அதிகமாகத் தீப்பொறி தெரிந்து, கருகின வாடை இல்லாவிட்டால், முதலில் பார்க்க வேண்டியது கார்பன் பிரஷ். ஜாரின் அடியில் தண்ணீர் கசிந்தால், பிளேடு தண்டைப் பிடித்திருக்கும் புஷ் தேய்ந்திருக்கிறது, அதைக் கவனிக்காமல் விட்டால்தான் அந்தத் தண்ணீர் மோட்டாரில் இறங்கி உண்மையிலேயே எரியும். மோட்டாரின் கம்பிச் சுற்றான காயிலே எரிந்துவிட்டால், அது செம்புக் காயிலா அலுமினியக் காயிலா என்று கேளுங்கள். நல்ல கம்பெனி மிக்சியில் செம்புக் காயில் என்றால் ரீவைண்டிங் (புதுக் கம்பி சுற்றுவது) செய்வதில் அர்த்தம் உண்டு. மலிவான மிக்சிக்கு ரீவைண்டிங் வேண்டாம் என்று நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கிரைண்டரைப் பற்றி எனக்கு ஒரே கருத்துதான்: சரிசெய்யுங்கள். கல்லும் டிரம்மும் போகாதவரை அதில் போவதெல்லாம் பெல்ட், கண்டன்சர், பேரிங் மாதிரி சில்லறைச் சாமான்கள். புவிசார் குறியீடு வாங்கிய கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குத் தமிழ்நாடு முழுக்க ஸ்பேர் கிடைக்கிறது. மாவு நைசாக அரைபடவில்லை என்று கிரைண்டரை மாற்ற நினைக்கும் முன் கல்லைத் தடவிப் பாருங்கள். பெரிய கல் வழுவழுவென்றிருந்தால் கொத்திக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள்.

சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பத்தில் எட்டுத் தடவை கண்டன்சர்தான் என்பது என் அனுபவம். கையால் லேசாகத் தள்ளிவிட்டால் சுற்றத் தொடங்குகிறது என்றாலும் அதுவேதான். ஃபேன் உச்சியில் உள்ள கிண்ணத்துக்குள் 2.5 மைக்ரோஃபாரட் அல்லது 3.15 என்று எழுதிய சின்ன டப்பா இருக்கும். அதே எண்ணில் வாங்கி, மெயினை அணைத்துவிட்டு மாற்றச் சொல்லுங்கள். ஃபேனை மாற்றுவதா என்ற கேள்விக்குக் கரண்ட் பில் பகுதியில் வருகிறேன், அங்கே பதில் வேறு.

டிவி: ஒரு டார்ச் லைட் போதும்

எல்.இ.டி. டிவியில் சத்தம் கேட்கிறது, படம் இல்லை. வீட்டில் எல்லோரும் டிவி போச்சு என்று முடிவுகட்டுவது இங்கேதான். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். செய்தி வாசிப்பவரின் முகம் நிழல் மாதிரி தெரிகிறதா? அப்படியானால் பேனல் உயிரோடு இருக்கிறது. பின்னால் இருந்து வெளிச்சம் (பேக்லைட்) தரும் எல்.இ.டி. பட்டையோ, அதற்குக் கரண்ட் கொடுக்கும் பகுதியோதான் போயிருக்கிறது. பெரும்பாலும் இது சரிசெய்யத் தகுந்த பழுது.

ஆனால் பட்டையை மாற்றக் கண்ணாடிப் பேனலைத் தூக்கி வைக்க வேண்டும். அனுபவம் இல்லாத கை என்றால் அங்கேயே விரிசல் விழும். "பேனல் உடைஞ்சா யார் பொறுப்பு?" என்று வேலை தொடங்குமுன் கேட்டுவிடுங்கள். எரிந்த ஒரு பட்டையை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள், செட்டாக மாற்றச் சொல்லுங்கள். மற்றவையும் அதே வயதுதான், அடுத்தடுத்த மாதங்களில் போகும். சரியாகி வந்ததும் செட்டிங்கில் பேக்லைட்டைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கண்ணைப் பறிக்கட்டும் என்று முழுதாக வைத்து அனுப்பிய அளவிலேயே பல வீடுகளில் கடைசிவரை ஓடுகிறது, அந்தச் சூடுதான் பட்டையைத் தின்கிறது.

திரை உடைந்திருந்தாலோ, உள்ளே மை கொட்டின மாதிரி பரவியிருந்தாலோ, பேனல் போச்சு. பேனலின் விலையும் கூலியும் சேர்ந்தால் கிட்டத்தட்ட புது டிவி விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். செங்குத்தாகக் கோடுகள் விழுந்தால், 'பாண்டிங்' (பேனல் ஓரத்து ரிப்பனைத் திரும்ப ஒட்டுவது) செய்து தருகிறேன் என்பார்கள். சில சமயம் நன்றாக வரும், பல சமயம் சில மாதங்களில் கோடு திரும்பி வரும். குறைந்த காசுக்கு, எழுத்தில் உத்தரவாதத்தோடு செய்தால் மட்டும் கொடுங்கள்.

சுத்தமாக உயிரே இல்லை, அல்லது சிவப்பு விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிகிறது என்றால் சந்தேகம் முதலில் பவர் போர்டு மேல். அந்தப் போர்டில் சின்னச் சின்ன உருளைகளாக நிற்பவை எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள். அவற்றின் தலையில் சிலுவை மாதிரி ஒரு கீறல் இருக்கும். நல்ல கெபாசிட்டரின் தலை தட்டையாக, சட்டைப் பட்டன் மாதிரி இருக்கும். கெட்டது பூரி மாதிரி உப்பி நிற்கும், சிலதில் கீறல் பிளந்து பழுப்பாகக் கசிந்து காய்ந்திருக்கும். உள்ளே உள்ள திரவம் சூட்டில் உலர்ந்து வாயுவாவதால் வரும் வீக்கம் அது. எவ்வளவு சூடு என்பதுதான் இதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதும் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பாலபாடம். திருச்சி வெயிலில், சுவர் அலமாரிக்குள் காற்றுப் போக வழியில்லாமல் அடைத்து வைத்த டிவி ஏன் சீக்கிரம் வந்து சேர்கிறது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். இந்தக் கெபாசிட்டரின் விலை பத்து, இருபது ரூபாய். மாற்றும்போது 85 டிகிரி என்று எழுதியதற்குப் பதில் 105 டிகிரி என்று எழுதியதைப் போடச் சொல்லுங்கள். மைக்ரோஃபாரட் எண் அதேதான் இருக்க வேண்டும், வோல்ட் எண் அதே அளவு அல்லது கூடுதல்.

சில வருடங்களுக்கு முன் வாங்கிய ஸ்மார்ட் டிவியில் ஆப்கள் ஓடவில்லை என்பது பழுதே இல்லை. படமும் சத்தமும் நன்றாக இருந்தால் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை எச்.டி.எம்.ஐ. துளையில் சொருகிவிட்டால் அந்த டிவி இன்னும் பல வருடம் ஓடும்.

இன்னும் பல வீடுகளில், 2006ஆம் ஆண்டு முதல் அரசு இலவசமாகக் கொடுத்த வண்ணத் தொலைக்காட்சிகள் இருக்கின்றன. பிக்சர் டியூப் போன அந்த டிவிகளுக்கு இனிமேல் செலவழிக்க வேண்டாம். ஆசைக்குக்கூட அதை நீங்களே திறந்து பார்க்காதீர்கள். டியூபுக்குப் போகும் அழுத்தம் 20,000 வோல்ட்டை ஒட்டியது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே தேங்கியிருக்கும்.

ஃபிரிட்ஜ்: கேஸ் தீர்ந்துபோகாது

ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்றால் மெக்கானிக் சொல்லும் முதல் வார்த்தை "கேஸ் போச்சு". இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச்சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் கேஸ் மட்டும் நிரப்பினால் அது அடுத்த கோடைக்குள் திரும்பக் காலியாகும். ஓட்டை எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். வெளியே தெரியும் குழாயில் என்றால் ஒட்டி நிரப்பலாம். சுவருக்குள் நுரைக்கு நடுவே புதைந்த குழாயில் என்றால், நான் மாற்றவே சொல்வேன். ஏ.சி.க்கும் இதே கதைதான்.

கம்ப்ரசர் மேலே அல்லது பின்பக்க ஸ்டிக்கரில் ஆர்-134ஏ, ஆர்-600ஏ என்று கேஸின் பெயர் இருக்கும். ஆர்-600ஏ என்பது ஐசோபியூட்டேன், எரியக்கூடியது. அதைக் கையாளத் தெரியாதவர் அடுக்களையில் வைத்துப் பற்றவைப்பு வேலை செய்ய விடாதீர்கள். ஆர்-12 என்று இருந்தால் அது ஓசோனைக் கெடுக்கும் பழைய கேஸ். இந்தியாவில் 2010 ஜனவரியோடு அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டுவிட்டது. அந்த ஃபிரிட்ஜுக்கு விடைகொடுக்கலாம்.

கேஸ் என்று சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை வேறு உண்டு. கதவிடுக்கில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் நழுவி வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது, குளிர் வெளியே போகிறது. கதவைச் சுற்றி நான்கு பக்கமும் இப்படிப் பாருங்கள். தானாகவே பனியைக் கரைத்துக்கொள்ளும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜில் மேலே ஐஸ் கட்டி, கீழே மட்டும் குளிரவில்லையென்றால் பனியைக் கரைக்கும் ஹீட்டரோ அதன் ஃபியூஸோ போயிருக்கலாம், அது நடுத்தரச் செலவு. கம்ப்ரசர் 'டிக்' என்று தொடங்கி உடனே அணைந்தால், பக்கத்தில் சொருகியிருக்கும் ரிலே (கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் சுவிட்ச்) போயிருக்கலாம், அது சில நூறு ரூபாய். கம்ப்ரசரே போச்சு என்று யாராவது சொன்னால், ரிலேயை மாற்றிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். அந்தக் கேள்வியிலேயே எதிரே நிற்பவர் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார்.

வாஷிங் மெஷினைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தண்ணீர் வெளியேறவில்லையென்றால் டிரெயின் பம்பில் சில்லறைக் காசும் ஹேர்பின்னும் மாட்டியிருக்கும். சுழலும்போது ஜெட் விமானம் மாதிரி சத்தம் வந்தால் பேரிங். முன்பக்கக் கதவு மாடல்கள் சிலவற்றில் தொட்டியை இரண்டு பாதியாகச் செய்து நிரந்தரமாக ஒட்டியிருப்பார்கள். அதில் 500 ரூபாய் பேரிங்குக்காக முழுத் தொட்டியையே மாற்ற வேண்டிவரும். உங்கள் மாடல் எது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எஸ்டிமேட் கேட்கும் முறை

"எவ்வளவு ஆகும்?" என்று கேட்காதீர்கள். "எந்தப் பாகம் போயிருக்கு, ஸ்பேர் எவ்வளவு, லேபர் எவ்வளவு?" என்று பிரித்துக் கேளுங்கள். "போர்டு போச்சு" என்ற பதிலோடு திருப்தியடைய வேண்டாம். போர்டையே மாற்றுவது ஒன்று, போர்டில் போன பாகத்தை மட்டும் மாற்றுவது ஒன்று. கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் பெரும்பாலும் போர்டையே மாற்றுவார்கள். தெருமுனைக் கடையிலோ, மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவிலோ போர்டைப் பிரித்துப் பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒரே பழுதுக்கு ஓரிடத்தில் 6,000 ரூபாயும் இன்னோர் இடத்தில் 800 ரூபாயும் சொல்வது இதனால்தான், இருவரும் பொய் சொல்லவில்லை.

கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். மாற்றிய பாகத்துக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். ஸ்பேர் ஒரிஜினலா, பொருந்தக்கூடிய வேறு தயாரிப்பா என்பதும் அதில் இருக்கட்டும்.

என் சொந்த வீட்டிலேயே இதில் ஏமாந்தோம். நான் வெளியூரில் இருந்தபோது வாஷிங் மெஷினுக்கு யாரோ ஒருவரை அழைத்திருந்தார் அப்பா. 4,500 ரூபாய்க்குப் புது போர்டு போட்டதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார் அவர். திறந்து பார்த்தேன். பழைய போர்டுதான், அதில் ஒரே ஒரு ரிலே மட்டும் புதுசாகப் பளபளத்தது. பழைய பாகத்தைக் கேட்டு வாங்கும் வழக்கம் அப்பாவுக்கு இருந்திருந்தால் அந்த மெக்கானிக் புது போர்டு என்ற பேச்சை எடுத்திருக்கவே மாட்டார்.

ஸ்பேர் கிடைக்குமா என்பதைப் பார்க்க, நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று தொடங்கிய 'ரைட் டு ரிப்பேர்' இணையதளமும் இருக்கிறது. அதில் சேர்ந்துள்ள கம்பெனிகளின் சர்வீஸ், ஸ்பேர் விவரங்களைப் பார்க்கலாம். உத்தரவாதம் இருந்தும் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள்.

வருடக் கணக்கு

இப்போது கையில் எஸ்டிமேட் இருக்கிறது. புது விலையில் பாதிக்கு மேல் செலவானால் மாற்று என்று பொதுவாகச் சொல்வார்கள். அவசரத்துக்கு அது பரவாயில்லை. ஆனால் நான் வருடக் கணக்குதான் போடுவேன். பழுதுபார்க்கும் செலவை, அதன் பிறகு எத்தனை வருடம் ஓடும் என்ற எண்ணால் வகுங்கள். புது விலையையும் அதே மாதிரி வகுங்கள்.

டிவிக்குப் பேக்லைட் மாற்ற 2,800 ரூபாய், இன்னும் 3 வருடம் ஓடும் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 933 ரூபாய். புது டிவி 22,000 ரூபாய், 8 வருடம் என்றால் 2,750 ரூபாய். சந்தேகமே வேண்டாம், சரிசெய்யுங்கள். 11 வருட ஃபிரிட்ஜுக்குக் கம்ப்ரசர் மாற்ற 6,500 ரூபாய், 3 வருடம் ஓடும் என்றால் வருடத்துக்கு 2,167 ரூபாய். புதுசு 18,000 ரூபாய், 10 வருடம் என்றால் 1,800 ரூபாய். இங்கே முள் மாற்றுவதன் பக்கம் சாய்கிறது. மீதி எத்தனை வருடம் ஓடும் என்பதை மெக்கானிக்கிடமே கேளுங்கள். நேர்மையானவர் யோசித்துத்தான் பதில் சொல்வார்.

கரண்ட் பில்லையும் சேர்த்துப் பாருங்கள்

பழைய ஃபிரிட்ஜ் எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்துகொள்ள எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். இரண்டு நாள் ஊருக்குப் போகும்போது ஃபிரிட்ஜைத் தவிர எல்லாவற்றையும், இன்வெர்ட்டர் உட்பட, அணைத்துவிட்டு ஈ.பி. மீட்டரை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் இன்னொரு படம். வித்தியாசம் 3.6 யூனிட் என்றால் நாளுக்கு 1.8, வருடத்துக்கு 657 யூனிட். கதவு திறக்காமல் இருந்த நாட்களின் கணக்கு இது, சமையல் நடக்கும் நாட்களில் இன்னும் கூடும். புது ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ்கள் பலவற்றின் நட்சத்திர லேபிளில் வருடத்துக்கு 200 யூனிட்டுக்குள் போட்டிருக்கும். நம் ஊர் அடுக்களைச் சூட்டில் 300 என்று வைத்துக்கொண்டாலும் 357 யூனிட் மிச்சம். யூனிட் 6 ரூபாய் என்றால் வருடத்துக்கு 2,142 ரூபாய். நன்றாக ஓடும் ஃபிரிட்ஜைக் கரண்டுக்காக மட்டும் தூக்கிப் போட்டால் 18,000 ரூபாய் திரும்பி வர 8 வருடத்துக்கு மேல் ஆகும், அது வேண்டாம். கம்ப்ரசரும் போயிருந்தால் இந்த 2,142 ரூபாயையும் மேலே சொன்ன வருடக் கணக்கில் பழைய ஃபிரிட்ஜின் செலவோடு கூட்டுங்கள், முடிவு தெளிவாகிவிடும்.

ஃபேன் கதை நேர்மாறு. பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட், குறைந்த கரண்டில் ஓடும் பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட். நாளுக்கு 12 மணி நேரம் ஓடும் ஹால் ஃபேனில் வருடத்துக்கு 197 யூனிட் மிச்சமாகும். அதே 6 ரூபாய் கணக்கில் சுமார் 1,180 ரூபாய். 3,000 ரூபாய் ஃபேன் இரண்டரை வருடத்தில் தன் விலையை மீட்டுவிடும். அதனால் ஹாலில் காயில் எரிந்த ஃபேனை ரீவைண்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். எப்போதாவது போடும் அறையின் ஃபேனுக்குக் கண்டன்சரை மாற்றிவிட்டுப் பேசாமல் இருங்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதக் கணக்கில் முதலில் ஒரு குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம், 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே வேறு. அந்த இலவச அளவுக்குள் அடங்கும் வீட்டுக்கு யூனிட் மிச்சம் பிடித்துப் பணம் மிச்சமாகாது. 500ஐத் தொட்டுத் தொட்டுத் தாண்டும் வீட்டுக்கு மேலே போட்ட கணக்கைவிடக் கூடுதலாக மிச்சமாகும். உங்கள் அட்டையில் கடைசி ஆறு கணக்கீடுகளைப் பார்த்துவிட்டு உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். நட்சத்திரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். அளவுகோலைச் சில வருடங்களுக்கு ஒரு முறை இறுக்குகிறார்கள், பழைய 5 நட்சத்திரம் இன்றைய 5 நட்சத்திரம் ஆகாது. லேபிளில் ஆண்டையும் யூனிட்டையும் பாருங்கள்.

ஏன் போனது என்று கேட்காமல் புதுசு வாங்காதீர்கள்

ஒரே நாளில் டிவி, செட்டாப் பாக்ஸ், சார்ஜர் எல்லாம் போயிருந்தால் சாதனங்களைக் குறை சொல்லாதீர்கள். தெருவில் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரை ஏறிவிடும். இப்படிப் போன பவர் போர்டைத் திறந்தால் பெரும்பாலும் நாணயம் மாதிரி ஒரு வட்டப் பாகம் கரிந்து பிளந்திருக்கும், பக்கத்தில் ஃபியூஸ் கறுத்திருக்கும். அந்த இரண்டும் தங்களைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருக்கின்றன. குறைந்த செலவில் உயிர் வரும். ஆனால் எலெக்ட்ரீசியனை அழைத்து நியூட்ரலையும் எர்த்தையும் பார்க்காமல் புது டிவியை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

வெள்ளம் புகுந்த வீடுகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023இல் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ சாதனங்கள் வெள்ளத்தால் போனதைவிட, "ஓடுதான்னு பார்க்கலாம்" என்று ஈரத்தோடு சுவிட்சைப் போட்டதால் போயின. தண்ணீரில் நின்ற எதையும் போட்டுப் பார்க்காதீர்கள். மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின் போன்றவற்றை மெக்கானிக்கிடம் கொடுத்துச் சேறு போகக் கழுவி, நாள் கணக்கில் உலர்த்தி, பிறகு சோதித்தால் பல தப்பிக்கும். சாக்கடை நீரில் முழுதாக மூழ்கிய ஃபிரிட்ஜின் நுரைக்குள் ஈரம் இறங்கியிருக்கும். அது சரியானாலும் உணவு வைக்கத் தகுந்ததாக நான் நினைக்கவில்லை.

நீங்களே தொடக்கூடாதவை சில உண்டு. மைக்ரோவேவ் அவனுக்குள் இருக்கும் கெபாசிட்டரில் 2,000 வோல்ட்டுக்கு மேல் தேங்கும், உயிர்ப்பலி வாங்கியிருக்கிறது. உப்பிய லித்தியம் பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, பயன்படுத்துவதை உடனே நிறுத்துங்கள். தொட்டால் ஷாக் அடிக்கும் எந்தச் சாதனத்தையும் "லேசாத்தான் அடிக்குது" என்று ஓட்டாதீர்கள். கீசர் விஷயத்தில் இதை இரண்டு தடவை சொல்வேன். தண்ணீரைச் சூடாக்கும் எலிமெண்ட் போனால் மாற்றலாம், தொட்டி ஒழுகினால் அன்றே கழற்றுங்கள்.

அனுப்புவதென்று முடிவானால்

எக்ஸ்சேஞ்ச் தள்ளுபடியைக் கேட்கும் முன் எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் என்ன விலை என்று கேளுங்கள். வித்தியாசம் சில நூறுதான் என்றால், ஓடும் நிலையில் உள்ளதை மெக்கானிக் கடைக்கு ஸ்பேருக்குக் கொடுத்தால் அதைவிடக் கூட வரலாம். ஸ்மார்ட் டிவி என்றால் எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறி, ஃபேக்டரி ரீசெட் போடுங்கள். மிக்சி ஜார், ரிமோட், டிவி ஸ்டாண்ட், பவர் கார்டு எல்லாம் தனியாகவும் விலைபோகும்.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பழைய சாதனங்கள் பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனங்களுக்குப் போய்ச் சேர வேண்டிய பொறுப்பு தயாரித்த கம்பெனிகளுக்கு உண்டு. கம்பெனியின் இணையதளத்திலோ வாடிக்கையாளர் எண்ணிலோ கேட்டால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள். பழைய இரும்புக் கடையில் போட்டால் செம்புக்காக வயரை எரிப்பார்கள், ஈயம் கலந்த பிக்சர் டியூபை உடைப்பார்கள். அந்தப் புகை அந்தத் தெருப் பிள்ளைகளுக்குள்தான் போகிறது.

ஃபிரிட்ஜை எடுத்துப்போக ஆள் வர நாளாகும் என்றால் வராண்டாவில் அப்படியே நிறுத்தி வைக்காதீர்கள். கண்ணாமூச்சி விளையாடும் குழந்தை உள்ளே ஒளிந்தால் உள்ளிருந்து தள்ளித் திறப்பது கஷ்டம். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றிக் கதவைத் தனியாக எடுத்துச் சுவரில் சாய்த்து வையுங்கள்.